பதற்றமான எண்ணங்களோடு உட்கார்வது எப்படி? விழிப்புணர்வுத் தியானத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு 10 மணிக்கு மேலாளரிடமிருந்து ஒரு வரி வருகிறது: "நாளை காலை கொஞ்சம் பேச வேண்டும்." எதைப் பற்றி என்று இல்லை. பல் துலக்கும்போதே "போன வாரம் அனுப்பிய அறிக்கையில் ஏதாவது தவறு இருந்திருக்குமோ" என்று தொடங்கிவிடுகிறது. விளக்கை அணைத்ததும் அந்த அறிக்கையின் ஒவ்வொரு பக்கமும் கண்முன் ஓடுகிறது. 12 மணிக்கு வேலை போய்விட்டது. 1 மணிக்குக் கடன் தவணைக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நிற்கிறோம். 2 மணிக்குள் பிள்ளைகளின் எதிர்காலம் வரை எல்லாம் இடிந்து விழுந்தாயிற்று. நடந்தது என்னவோ ஒரே ஒரு குறுஞ்செய்தி.

பல ஆண்டுகள் நான் இப்படித்தான் இரவுகளைக் கழித்தேன். "நினைக்காதே, தூங்கு" என்று எனக்கு நானே கட்டளையிட்டுப் பார்த்தேன். கட்டளை கூடக் கூட எண்ணமும் கூடியது. விழிப்புணர்வுத் தியானம் அந்த எண்ணங்களை வராமல் செய்துவிடவில்லை, இன்றும் வருகின்றன. வந்த எண்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அது இழுத்த இடத்துக்கெல்லாம் போகாமல் இருக்க அது கற்றுக்கொடுத்தது. எனக்கு உதவிய வரிசையிலேயே அதை இங்கே எழுதுகிறேன்.

எண்ணத்தோடு மல்லுக்கு நின்றால் என்ன ஆகும்

மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தோன்றியதும் எச்சரிக்கை மணி அடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மணி அடித்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மார்புக்கு மேலேயே நின்றுவிடுகிறது, வயிறு இறுகுகிறது. பாம்பைக் கண்டால் ஓட உதவும் ஏற்பாடு இது. ஆனால் பாம்பைக் கண்டாலும், பாம்பைக் கற்பனை செய்தாலும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. படபடக்கும் இதயத்தைக் கவனித்த மனம் "ஏதோ பெரிய ஆபத்து இருக்கிறது, இல்லாவிட்டால் இப்படி அடித்துக்கொள்ளுமா?" என்று அடுத்த எண்ணத்தைத் தயாரிக்கிறது. எண்ணம் உடம்பைக் கிளறுகிறது, உடம்பு எண்ணத்தைக் கிளறுகிறது.

இந்தச் சுழலை அடக்கி நிறுத்த முயல்வது ஏன் பலிப்பதில்லை என்பதை 1987-இல் வெளிவந்த ஒரு சோதனை அழகாகக் காட்டியது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவரது குழுவினரும் மாணவர்களிடம் 5 நிமிடம் ஒரு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காமல் இருக்கச் சொன்னார்கள். நினைத்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்று சொன்னபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. தண்ணீருக்குள் அமுக்கிய பந்து கையை எடுத்ததும் எகிறுவதைப் போல.

இந்தத் தியானம் எங்கிருந்து வந்தது, என்ன தரும்

வேர் பௌத்தத்தில் இருக்கிறது. பாலி மொழியில் 'ஸதி' என்று சொல்வார்கள். வடமொழியின் 'ஸ்மிருதி'யோடு உறவுள்ள சொல். இதனால்தானோ என்னவோ, சிலர் இதை 'நினைவாற்றல் தியானம்' என்று தமிழாக்குகிறார்கள். அது தேர்வுக்குப் படிப்பவர்களின் ஞாபக சக்தியைப் போல ஒலிக்கிறது, எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த நொடியில் நான் இங்கே இருக்கிறேன், இது நடந்துகொண்டிருக்கிறது. பலர் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்றே சொல்கிறார்கள். நான் விழிப்புணர்வு என்கிறேன்.

1979-இல் ஜான் கபாட்-ஜின் இதை மதச் சடங்குகளிலிருந்து பிரித்தெடுத்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளுக்கான பயிற்சியாக வடிவமைத்தார். பின்னாளில் அது 8 வாரப் பயிற்சியாக நிலைபெற்றது. அதன்பிறகு நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. 2014-இல் 47 ஆய்வுகளை, மொத்தம் 3,500-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, இத்தகைய தியானம் பதற்றத்தை மிதமான அளவில் குறைக்கிறது என்று கண்டது. 2022-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பாதிக்கு 8 வாரப் பயிற்சியும் மறுபாதிக்கு எஸ்சிட்டாலோபிராம் என்ற மருந்தும் தரப்பட்டன. பயிற்சியின் பலன் மருந்துக்குக் குறைந்ததாக இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அந்த ஆய்வில் பயிற்சி பெற்றவர்கள் வாரம் ஒருமுறை ஆசிரியரோடு இரண்டரை மணி நேர வகுப்பில் இருந்தார்கள், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் பயிற்சி செய்தார்கள். மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ உங்கள் மருத்துவரோடு மட்டுமே பேசி எடுக்க வேண்டிய முடிவு.

'மிதமான' என்ற சொல்லை நான் விரும்புகிறேன். ஒரே வாரத்தில் பதற்றம் பறந்துவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

உட்காரும் முன்

தொடக்கத்தில் 5 நிமிடம் போதும். ஒரு நாற்காலி, அலைபேசியில் ஓர் அலாரம், மற்றவர்கள் கூப்பிடாத ஒரு நேரம். சம்மணமிட்டு உட்கார வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைக்க வேண்டாம். கைகள் தொடைமேல். கண்களை மூடினால் பதற்றம் கூடுகிறது என்றால் திறந்தே வைத்து, இரண்டு மூன்று அடி தள்ளித் தரையில் பார்வையைத் தளர்வாக விடுங்கள். மனம் ஓரளவு அமைதியாக இருக்கும் நாட்களில் தொடங்குவது நல்லது. நீச்சலை வெள்ளத்தில் இறங்கிக் கற்றுக்கொள்ள முடியாது.

முதல் படி: உடம்பு எங்கே தொடுகிறது

எடுத்த எடுப்பில் மூச்சுக்குப் போகாதீர்கள். பாதங்கள் தரையைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். குதிகாலில் எவ்வளவு பாரம், விரல்களில் எவ்வளவு? தரை குளிர்ந்திருக்கிறதா? பிறகு தொடைகளும் முதுகும் நாற்காலியில் படும் இடம். பதற்றம் எப்போதும் நாளையில் வசிக்கிறது. பாதம் இப்போது மட்டுமே இருக்கிறது. ஒரு நிமிடம் இதிலேயே இருங்கள்.

இரண்டாம் படி: மூச்சு

மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறது என்று பாருங்கள். மூக்கின் நுனியிலா, மார்பிலா, வயிற்றிலா? ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே தங்குங்கள். மூச்சை நீட்டவோ ஆழமாக்கவோ முயல வேண்டாம். அது எப்படி வந்துபோகிறதோ அப்படியே பார்ப்பதுதான் வேலை. உள்ளிழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும் வெளிவிடும்போது சற்று மெதுவாகவும் துடிப்பது இயல்பு. மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் மிகவும் படபடப்பாக இருக்கும்போது முதல் நான்கைந்து மூச்சுகளை மட்டும் மெதுவாக, நீளமாக வெளியே விடலாம். அதன்பின் மூச்சை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

இங்கே பல வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பதற்றம் உள்ள பலருக்கு மூச்சைக் கவனித்தாலே மூச்சு முட்டுவது போலிருக்கும். "சரியாக மூச்சு விடுகிறேனா?" என்பதே புதிய கவலையாகிவிடும். உங்களுக்கும் அப்படி என்றால் மூச்சை விட்டுவிடுங்கள். உள்ளங்கைகளின் வெதுவெதுப்பையோ, அறையில் கேட்கும் ஒலிகளையோ பற்றிக்கொள்ளுங்கள். மின்விசிறியின் சத்தம் போதும். நான் முதல் மாதம் முழுவதும் கைகளைத்தான் கவனித்தேன். படகுக்கு நங்கூரம் வேண்டும். அது எந்த உலோகம் என்பது பெரிதில்லை.

மூன்றாம் படி: மனம் ஓடும், நீங்கள் கவனிப்பீர்கள், திரும்புவீர்கள்

முழுப் பயிற்சியும் இங்கேதான் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் என் மனத்துக்குள் நடப்பதை ஒளிக்காமல் எழுதினால் இப்படி இருக்கும்:

மூச்சு உள்ளே. வெளியே. உள்ளே. "மூன்றாம் பக்கத்து அட்டவணையில் கூட்டல் சரிதானே?" சரிதான், இரண்டு முறை பார்த்தேன். ஆனால் கடைசி வரியைப் பார்த்தேனா? "நீங்கள் ஏன் பார்க்கவில்லை" என்று கேட்டால் என்ன சொல்வது? "நேரம் கொடுக்கவில்லை" என்று சொல்லலாம். அது சாக்குப்போக்கு மாதிரி இருக்கும். குரலைத் தாழ்த்திச் சொன்னால்... அட, ஓடிவிட்டேன். தோள்கள் காதுவரை ஏறியிருக்கின்றன. தோள்கள் இறங்குகின்றன. பாதம். மூச்சு வெளியே. உள்ளே. "ஐந்து நிமிடம் ஆகியிருக்காதா?"

'அட, ஓடிவிட்டேன்' என்ற அந்த நொடிக்காகத்தான் நாம் உட்கார்கிறோம். அதற்கு முந்தைய நொடிவரை நான் மேலாளரின் அறையில் நின்று வாதாடிக்கொண்டிருந்தேன். அது எண்ணம் என்றே எனக்குத் தெரியாது. அந்த நொடியில் தெரிந்தது. தொடக்கத்தில் எல்லாரும் அந்த நொடியில் தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள்: "ஐந்து மூச்சுகூடக் கவனிக்க முடியவில்லை, எனக்குத் தியானம் வராது." பத்து முறை ஓடினால் பத்து முறை திரும்பும் வாய்ப்பு. தளிர்நடை போடும் குழந்தை தெருப்பக்கம் ஓடினால் கையைப் பிடித்து அழைத்து வருவோமே, அந்தப் பிடி போதும். அதட்ட வேண்டாம்.

ஓடுவது உங்கள் மனம் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் நாளின் வெவ்வேறு நேரங்களில் அலைபேசி வழியாக "இப்போது செய்துகொண்டிருப்பதை விட்டு வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். சுமார் 47 சதவீத நேரம், கையில் இருந்த வேலையை விட்டு மனம் வேறெங்கோ இருந்தது.

நான்காம் படி: எண்ணத்துக்குப் பெயர் வையுங்கள்

ஒன்றிரண்டு வாரத்தில் ஓடியதைக் கவனிப்பது பழகிவிடும். அப்போது ஓடிய இடத்துக்கு ஒரே சொல்லில் பெயர் வைத்துவிட்டுத் திரும்புங்கள். 'கவலை.' 'திட்டம்.' 'ஒத்திகை.' 'பழைய கதை.' மனத்துக்குள் மெதுவாக ஒருமுறை சொன்னால் போதும். உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும்போது அமிக்டலாவின் செயல்பாடு தணிவதை உளவியலாளர் மாத்யூ லீபர்மேனின் குழு 2007-இல் மூளைப் படங்களின் மூலம் காட்டியது.

பதற்றத்தின் எண்ணங்களைத் தமிழில் அடையாளம் காண்பது எளிது. முன்னால் 'ஒருவேளை' இருக்கும், பின்னால் 'விட்டால்?' இருக்கும். ஒருவேளை பேருந்தைத் தவறவிட்டுவிட்டால்? ஒருவேளை இந்தத் தலைவலி வேறு ஏதாவதாக இருந்துவிட்டால்? உள்ளே ஓடும் பேச்சில் இந்த இரண்டு சொற்களையும் பிடிக்கப் பழகுங்கள். நான் 'ஒருவேளை' என்றே பெயர் வைத்துவிட்டேன். "மறுபடியும் ஒருவேளை வந்திருக்கிறது" என்று தெரிந்ததும் அதன் பிடி கொஞ்சம் தளரும்.

நம் மொழி இன்னோர் உதவியையும் செய்கிறது. தமிழில் பசியும் கோபமும் பயமும் நமக்கு 'வருகின்றன'. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் கோபம் வருகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் வேறு, அது வந்து சேரும் ஆள் வேறு என்ற இடைவெளி இந்த வாக்கியங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கவலையின் உச்சத்தில் நாம் அந்த இடைவெளியை விட்டுவிட்டு "நான் தோற்றுவிடுவேன்", "என்னால் முடியாது" என்று தீர்ப்பாகவே பேசுகிறோம். அப்படி ஒரு வாக்கியம் எழும்போது, அதை மறுக்காமல், வாதாடாமல், மாற்றி மட்டும் சொல்லுங்கள்: "'நான் தோற்றுவிடுவேன்' என்ற எண்ணம் எனக்கு வருகிறது." சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் நீங்கள் அதற்குள் இருந்தீர்கள். இரண்டாவதில் அது உங்கள் எதிரே இருக்கிறது. நம்பிக்கையான வாசகங்களை வலிந்து சொல்லிக்கொள்வதைவிட இது எனக்கு எவ்வளவோ உதவியிருக்கிறது. ஏனென்றால் இதில் பொய் எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: பதற்றம் உடம்பில் எங்கே இருக்கிறது

இதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும். முதல் நான்கு வாரம் இதைத் தொட வேண்டாம். எண்ணத்தின் கதையை விட்டுவிட்டு, பதற்றம் உடம்பில் எங்கே தெரிகிறது என்று தேடுங்கள். எனக்கு அது நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அளவில், உள்ளே ஒரு முடிச்சுப் போல இருக்கும். சிலருக்குத் தொண்டையில், சிலருக்குத் தாடையில். அதன் ஓரம் எங்கே முடிகிறது? இறுக்கமா, நடுக்கமா, சூடா? மூச்சோடு சேர்ந்து அசைகிறதா? நான் முதல்முறை அப்படிப் பார்த்தபோது வியந்துபோனேன்: 'தாங்கவே முடியாதது' என்று பல ஆண்டுகள் நான் பெயர் வைத்திருந்தது ஒரு நிமிடம்கூட ஒரே மாதிரி நிற்கவில்லை. இறுகியது, பரவியது, ஒரு கட்டத்தில் இடம் மாறியது.

அது போய்விட வேண்டும் என்று காத்துக்கொண்டு பார்த்தால் அதுவும் சண்டைதான். இரண்டு மூன்று மூச்சு அங்கே இருந்துவிட்டுப் பாதங்களுக்குத் திரும்புங்கள். மறுபடி போங்கள், மறுபடி திரும்புங்கள். கடற்கரையில் அலை வரும்போது கால் நனைத்துவிட்டுப் பின்வாங்குவதைப் போல.

பகல் நடுவே: 3 நிமிடம்

கூட்டத்துக்கு முன், தேர்வு அறைக்கு வெளியே, மருத்துவ அறிக்கைக்காகக் காத்திருக்கும்போது நாற்காலியும் அலாரமும் கிடைக்காது. அதற்கென்றே சிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் உருவாக்கிய சிகிச்சை முறையில் 3 நிமிடப் பயிற்சி ஒன்று இருக்கிறது. முதல் நிமிடம், இப்போது என்ன எண்ணம், என்ன உணர்ச்சி, உடம்பில் என்ன என்று பார்த்துக்கொள்வது. இரண்டாம் நிமிடம், மூச்சில் மட்டும் தங்குவது. மூன்றாம் நிமிடம், கவனத்தை விரித்து முழு உடம்பையும் சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்துக்கொள்வது. கண் திறந்தே செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

நள்ளிரவில் விழித்துக்கொண்டால்

மணியைப் பார்க்காதீர்கள். படுத்தபடியே இடது கால் விரல்களில் தொடங்கி, பாதம், கணுக்கால், முழங்கால் என்று ஒவ்வோர் இடமாகக் கவனத்தை நகர்த்துங்கள். தளர்த்த வேண்டியதில்லை, அங்கே என்ன தெரிகிறதோ அதைப் பார்த்தால் போதும். பிறகு வலது கால், இடுப்பு, வயிறு, மார்பு, கைகள், முகம். நடுவில் தூங்கிவிட்டால் நல்லது. ஆனால் தூங்குவதற்காக இதைச் செய்தால் "இன்னும் தூக்கம் வரவில்லையே" என்று மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும்.

எண்ணத்தில் நிஜமாகவே செய்ய வேண்டிய வேலை ஒன்று ஒளிந்திருந்தால், கட்டணம் கட்டுவதோ யாரையாவது அழைப்பதோ, ஒரு தாளில் ஒரே வரியில் எழுதிவைத்துவிடுங்கள். எல்லாக் கவலையையும் வெறும் எண்ணம் என்று ஒதுக்கிவிட்டுக் காரியத்தில் கோட்டைவிடக் கூடாது. பகலில் அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கி, மற்ற நேரத்துக் கவலைகளை அதற்குத் தள்ளிவைக்கும் முறையும் உண்டு. 1983-இல் உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கின் குழு அதைச் சோதித்து, கவலைப்படும் நேரம் குறைவதைக் கண்டது.

எவ்வளவு நாள்

முதல் இரண்டு வாரம் தினமும் 5 நிமிடம், முதல் மூன்று படிகள் மட்டும். அடுத்த இரண்டு வாரம் 10 நிமிடம், பெயர் வைப்பதையும் சேர்த்து. ஐந்தாம் வாரத்திலிருந்து 15 அல்லது 20 நிமிடம், உடம்பில் தேடுவதையும் சேர்த்து. நாள் தவறினால் ஈடுகட்ட முயல வேண்டாம், அடுத்த நாள் உட்காருங்கள். "இன்று பதற்றம் குறைந்ததா?" என்று ஒவ்வோர் அமர்வுக்குப் பிறகும் அளக்காதீர்கள். எனக்குத் தெரிந்த முதல் மாற்றம் தியானத்தின்போது வரவே இல்லை. ஒரு செய்தி வந்து, வயிறு இறுகி, அடுத்த நொடி "வயிறு இறுகுகிறது" என்று தெரிந்தது. அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், ஏழாவது வாரம்.

எச்சரிக்கை

எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் இது ஏற்றதில்லை. கடுமையான அதிர்ச்சியையோ வன்முறையையோ கடந்துவந்தவர்களுக்கு அமைதியாக உட்காரும்போது பழைய காட்சிகள் பாய்ந்து வரலாம். சிலருக்குப் பதற்றம் கூடும். சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாதது போலத் தோன்றும். அப்படியானால் உடனே நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து எழுந்து நடங்கள், யாரிடமாவது பேசுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதில் எந்தப் பெருமையும் இல்லை. அத்தகையவர்கள் மனநல நிபுணர் ஒருவரின் துணையோடு செய்வதே பாதுகாப்பு.

கவலை பல மாதங்களாகப் பெரும்பாலான நாட்களில் விடாமல் தொடர்ந்தாலோ, தூக்கமும் வேலையும் உறவுகளும் அதனால் கெட்டாலோ, மருத்துவரைப் பாருங்கள். திடீர் நெஞ்சுவலியையோ மூச்சுத்திணறலையோ பதற்றம்தான் என்று நீங்களே முடிவுகட்டிவிட்டுத் தியானத்தில் உட்காராதீர்கள். அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே, அந்த மணிநேரமே, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள் அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நீங்கள் செய்துவரும் பயிற்சியையும் சொல்லுங்கள். எத்தனை நிமிடம், எந்த இடத்தில் சிரமம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்று அவரால் தெளிவாகச் சொல்ல முடியும்.